கண்ணுக்கும் காதுக்கும் பகை மூட்டாத படவில்லைகள்: தொடக்கநிலையாளருக்கான விளக்கம்

ஒருவர் பேசுவதைக் காதால் கேட்டுக்கொண்டே, திரையில் இருக்கும் வேறொரு வாக்கியத்தைக் கண்ணால் வாசித்து, இரண்டின் பொருளையும் ஒரே நேரத்தில் உள்வாங்கிக்கொள்வது நம்மில் எவருக்கும் எளிதாகக் கைகூடுவதில்லை. எழுத்தாக வந்தாலும் ஒலியாக வந்தாலும் சொற்களைப் பொருள்கொள்ளும் வேலை மூளைக்கு ஒன்றுதான் என்பதால், ஒன்றில் கவனம் நிலைக்கும்போது மற்றொன்று நழுவிவிடுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலோ, கோவில் நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டத்திலோ, பல்கலைக்கழகக் கருத்தரங்கிலோ, படவில்லையில் (slide), அதாவது பேச்சோடு கணினியிலிருந்து திரையில் காட்டும் பக்கத்தில், நிறைய எழுத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பேசத் தொடங்கினால் அவையோர் வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனித்துப் பாருங்கள். சிலர் திரையை வேகமாக வாசித்து முடித்துவிட்டு, பேசுபவர் இன்னும் இரண்டாம் வரியிலேயே நிற்பதைக் கண்டு கைப்பேசியை எடுக்கிறார்கள். சிலர் வாசிப்பதைக் கைவிட்டுப் பேச்சை மட்டும் கேட்கிறார்கள். முதல் வகையினருக்குப் பேச்சு வீண். இரண்டாம் வகையினருக்குத் திரை வீண்.

பேச்சும் படமும் சேரும்போது இந்த இடர்ப்பாடு பெரும்பாலும் எழுவதில்லை. பாலம் ஒன்றின் படத்தைப் பார்த்துக்கொண்டே அது கட்டப்பட்ட கதையைக் கேட்பது எவருக்கும் எளிது. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிவாற்றல் சுமைக் கோட்பாடும், அமெரிக்காவின் ரிச்சர்ட் மேயர் பல்லூடகக் கற்றல் குறித்து நடத்திய ஆய்வுகளும் இதனையே வெவ்வேறு வழிகளில் விளக்குகின்றன. பேசும் சொற்களையே திரையிலும் எழுதிக்காட்டுவது, கற்பவருக்கு உதவுவதற்கு மாறாகப் பல வேளைகளில் அவருடைய சுமையைக் கூட்டுகிறது. மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடிய செய்திகளுக்கும் அளவு உண்டு. 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் அந்த அளவு ஏழு என்ற எண்ணை ஒட்டியது என்று எழுதினார். 2001இல் மற்றோர் உளவியலாளரான நெல்சன் கோவன் அதனை ஏறத்தாழ நான்கு எனக் குறைத்தார்.

ஆகவே கவர்ச்சியான படவில்லை எது என்று தொடக்கநிலையாளர் கேட்கும் கேள்விக்கு, பூ வேலைப்பாடுள்ள வார்ப்புருவையோ மின்னும் தலைப்பையோ சுட்டுவதைவிட ஓர் அளவுகோலைத் தருவதே பயன்தரும். படவில்லை திரையில் தோன்றியதும் மூன்று நான்கு நொடிகளுக்குள் அவையோர் அதன் பொருளைப் பிடித்துக்கொண்டு, மீண்டும் பேசுபவரின் முகத்தை நோக்கித் திரும்ப முடிய வேண்டும். அழகு, நிறம், எழுத்துரு, படம், அசைவு என இனி வரும் எல்லாவற்றையும் இந்த ஒரே அளவுகோலால்தான் இக்கட்டுரை அளக்கிறது.

பட்டியல் எப்படிப் பழக்கமாயிற்று

பவர்பாயின்ட் மென்பொருளை ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனத்தில் உருவாக்கினர். 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காக அது வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை 1.4 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. மேசைமீது வைத்துச் சுவரில் ஒளிபாய்ச்சும் கண்ணாடித் தாள்களை அழகாகத் தயாரித்துக் கொடுப்பதே அதன் தொடக்கக் குறிக்கோளாக இருந்தது. அந்தத் தாள்களின் மரபு இன்றும் நம்மை விட்டுப் போகவில்லை. புதிய படவில்லை ஒன்றைத் திறந்தால், மேலே தலைப்புக்கு ஒரு பெட்டியும் கீழே புள்ளியிட்ட வரிகளுக்கு ஒரு பெட்டியும் நம்மை நிரப்பச் சொல்லிக் காத்திருக்கின்றன. பெட்டி இருக்கிறதே என்பதற்காக நாமும் நிரப்புகிறோம். பேசுபவருக்கு அது வசதிதான், ஏனெனில் பேச வேண்டியவை எல்லாம் அவர் கண்முன் வரிசையாக இருக்கும். அவ்வகையில் பார்த்தால் பெரும்பாலான படவில்லைகள் அவையோருக்காகச் செய்யப்பட்டவை அல்ல, பேசுபவருடைய நினைவாற்றலுக்குத் துணையாகச் செய்யப்பட்டவை.

அந்தத் துணையை மறுக்க வேண்டியதில்லை. அதன் இடத்தை மாற்றினால் போதும். பவர்பாயின்ட், கூகுள் ஸ்லைட்ஸ், கீநோட், கான்வா ஆகிய எல்லாவற்றிலும் படவில்லையின் குறிப்புப் பகுதியில் எழுதுவதைப் பேசுபவரின் திரையில் மட்டும் காட்டும் வசதி உண்டு. பட்டியல் அங்கே போகட்டும்.

பாலங்களை வைத்து ஒரு பயிற்சி

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஓர் இளம் பொறியியல் மாணவர், தாம் படித்த தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பினாங்கின் இரு பாலங்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செய்யும் படவில்லை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "பினாங்குப் பாலங்கள்" என்பது தலைப்பு. அதன்கீழ்ப் புள்ளியிட்ட வரிகள்: முதல் பாலம் 1985இல் திறக்கப்பட்டது, அது பிறையையும் கெலுகோரையும் இணைக்கிறது, மொத்த நீளம் 13.5 கி.மீ., அதில் கடல்மீது 8.4 கி.மீ.; இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்டது; அது பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கிறது; மொத்த நீளம் 24 கி.மீ., அதில் கடல்மீது 16.9 கி.மீ. இடப்பக்க மூலையில் இணையத்திலிருந்து எடுத்த சிறு படம் ஒன்று. வலப்பக்க மூலையில் பள்ளிச் சின்னம்.

இதில் தவறான செய்தி எதுவும் இல்லை. ஆனால் பதினோரு வயது மாணவர் ஒருவர் இதைப் பார்த்து எதை எடுத்துக்கொள்வார்? ஆறு எண்களும் நான்கு ஊர்ப் பெயர்களும் ஒரே எடையோடு நிற்கும்போது எதுவும் நினைவில் நிற்காது.

இங்கே கணினியை மூடிவைத்துவிட்டுத் தாளை எடுப்பது நல்லது. மாணவர்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டிய ஒரே செய்தி எது என்று தாளில் எழுத வேண்டும். மேற்கண்ட எண்களை மீண்டும் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது: 8.4 என்பதன் இரு மடங்கு 16.8. அதாவது, இரண்டாம் பாலம் முதல் பாலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தூரம் கடல்மீது செல்கிறது. பட்டியலுக்குள் புதைந்து கிடந்த உண்மை இதுதான். இதனையே தலைப்பாக்கலாம்: "கடல்மீது இரு மடங்கு நீளம்: இரண்டாம் பாலம்." பொருளின் பெயரை மட்டும் சொல்லும் தலைப்பைவிட, பொருளைப் பற்றிய முடிவைச் சொல்லும் தலைப்பு மேலானது. அது தோன்றியதும் அவையோருக்கு எதைப் பார்ப்பது என்று தெரிந்துவிடுகிறது. பேசுபவருக்கும் தாம் எதை நிறுவ வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

தலைப்பின்கீழ் இரண்டே கிடைக்கோடுகள் போதும். மேலே 8.4 அலகு நீளமுள்ள ஒரு தடித்த பட்டை, கீழே 16.9 அலகு நீளமுள்ள மற்றொரு பட்டை, இரண்டும் ஒரே இடது விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். பட்டைகளின் முனையிலேயே எண்ணை எழுத வேண்டும். நிறத்துக்கு விளக்கம் தரும் பெட்டியை ஓரத்தில் தனியாக வைத்தால், பார்ப்பவரின் கண் பட்டைக்கும் பெட்டிக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும். அருகருகே இருப்பவற்றை மனம் தானாகவே ஒரே கூட்டமாகக் கொள்ளும் என்பதை மேக்ஸ் வெர்தைமர் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் 1923இலேயே எழுதியிருக்கிறார். அந்த இயல்பை நமக்காக வேலைசெய்ய விட வேண்டும். பட்டைக் குறிவரைவை முப்பரிமாணத்தில் வரைவதும், இரண்டு எண்களை ஒப்பிட வட்டக் குறிவரைவைப் பயன்படுத்துவதும் கூடாதவை. நீளங்களை ஒப்பிடக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். சாய்ந்த பரப்புகளையும் கோணங்களையும் ஒப்பிடுவதில் அது எளிதில் ஏமாறும்.

மற்ற செய்திகள் என்னவாயின? திறப்பு ஆண்டுகளை ஒரு படவில்லையிலும், ஊர்களைக் காட்டும் நிலவரைபடத்தை மற்றொன்றிலும் வைக்கலாம். மொத்த நீளம் வாயால் சொல்லப்பட்டாலே போதும். ஒரு படவில்லை மூன்றாகவோ நான்காகவோ பெருகுவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். படவில்லைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே திறமை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நெரிசலான ஒன்றில் மூன்று நிமிடம் நிற்பதைவிட, எளிய நான்கை நாற்பது நொடிக்கு ஒன்றாகக் கடப்பது கேட்பவருக்குக் களைப்புத் தராது. முதலீட்டாளரும் எழுத்தாளருமான கை கவாசாக்கி சொல்லிப் புகழ்பெற்ற 10-20-30 விதி, அதாவது பத்துப் படவில்லை, இருபது நிமிடம், முப்பது புள்ளி (எழுத்தளவின் அலகு) எழுத்து என்பது, முதலீடு கேட்டு வருவோருக்காகச் சொல்லப்பட்டது. அதன் மூன்றாம் எண்ணை எல்லாரும் மதிக்கலாம். முதல் எண்ணைப் பள்ளிக்கும் மன்றத்துக்கும் அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை.

முக்கியமானது எங்கே நிற்கிறது

கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்த கொலம்பியா விண்கல விபத்து 2003 பிப்ரவரி 1ஆம் நாள் நிகழ்ந்தது. ஏவப்பட்டபோது எரிபொருள் கலத்திலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று இடச் சிறகைத் தாக்கியிருந்தது. கலம் விண்ணில் இருந்தபோதே, அந்தத் தாக்குதலின் ஆபத்தை மதிப்பிட்ட பொறியாளர்கள் தங்கள் முடிவுகளைப் படவில்லைகளாக நாசா அதிகாரிகளிடம் அளித்தனர். விபத்து விசாரணைக் குழு பின்னர் அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்து ஆராய்ந்தது. அதன் தலைப்பு நம்பிக்கையூட்டும் தொனியில் இருந்தது. கீழே வரிக்குள் வரியாகப் பல படிகள் இறங்கிச் சென்றன. கடைசி வரியில், சிறிய எழுத்தில், கலத்தைத் தாக்கிய துண்டின் கன அளவு ஏறத்தாழ 1,920 கன அங்குலம் என்றும், சோதனைகளில் பயன்படுத்தப்பட்டது 3 கன அங்குலம் என்றும் இருந்தது. சோதனை செய்யப்பட்டதைவிட 640 மடங்கு பெரிய பொருள் மோதியிருக்கிறது என்பதே அந்தப் பக்கத்தின் உயிர்ச்செய்தி. அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. விபத்துக்குப் படவில்லை காரணம் என்று சொல்வது மிகை. ஆயினும், பொறியியல் அறிக்கைக்கு மாற்றாகப் படவில்லைகளைப் பயன்படுத்தும் வழக்கத்தை அக்குழு வெளிப்படையாகக் குறைகூறியது. தரவுகளைக் காட்சிப்படுத்தும் கலையில் பெயர்பெற்ற எட்வர்ட் டஃப்டி இதே படவில்லையை விரிவாக அலசியிருந்தார்.

நம் கூட்டங்களில் உயிர்கள் ஊசலாடுவதில்லை. ஆனால் கட்டட நிதியில் பற்றாக்குறை என்ற செய்தி, நன்றியுரைக்கு முந்திய படவில்லையின் ஏழாவது வரியில் இருப்பது நமக்கும் பழக்கமான காட்சிதான். முக்கியமானது பெரியதாக, மேலே, தன்னைச் சுற்றி வெற்றிடத்தோடு நிற்க வேண்டும். அளவு, இடம், வெற்றிடம் ஆகிய இந்த மூன்றில் தொடக்கநிலையாளர் அதிகம் மறப்பது வெற்றிடத்தை. காலியாக இருக்கும் மூலையில் ஒரு படத்தையோ சின்னத்தையோ போட்டு நிரப்ப வேண்டும் என்ற உந்துதலை அடக்கிக்கொள்வதே வடிவமைப்பில் பாதி வேலை.

தமிழ் எழுத்து கேட்கும் இடம்

படவில்லை பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு வரிக்கு ஆறு சொல், ஒரு பக்கத்துக்கு ஆறு வரி என்ற பரவலான விதியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வேற்றுமையும் காலமும் எண்ணும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவதால் "மாணவர்களிடமிருந்து", "மேற்கொள்ளப்பட்டிருக்கின்றன" என ஒரே சொல் திரையின் பாதி அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு மூன்று அல்லது நான்கு சொல்லே இயல்பான அளவு. இதனால் தமிழ்த் தலைப்பு எழுதுபவர் வினைமுற்றைச் சுருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். "புதிய கட்டடம் கட்டி முடிக்கப்பட்டுள்ளது" என்பதைக் "கட்டடம் தயார்" என்று எழுதினால் எந்த நட்டமும் இல்லை. நாளிதழ்களின் தலைப்புகளை ஒரு வாரம் கவனித்தால் இந்தச் சிக்கனம் கைவரும்.

சொற்கள் நீளமாக இருப்பதால், இரு விளிம்புகளையும் சமன்செய்யும் அமைப்பு தமிழுக்குத் திரையில் ஒத்துவராது. இரண்டு சொற்களுக்கு இடையே பெரிய ஓட்டைகள் விழும். இடது விளிம்பை நேராக வைத்து வலது விளிம்பைத் தளர்வாக விடுவதே நல்லது. வரி முடியும் இடத்தைக் கணினியிடம் விட்டுவிடாமல், பொருள் முடியும் இடத்தில் நாமே முறிக்க வேண்டும்.

வரிகளுக்கு இடையிலான வெளியும் தமிழுக்குக் கூடுதலாகத் தேவை. ஒரு வரியில் கீழ்விலங்கும் சுழியும் இறங்க, அடுத்த வரியில் புள்ளியும் மேல்விலங்கும் ஏறி நிற்க, இரண்டும் மோதிக்கொள்வதை நெருக்கமான படவில்லைகளில் காணலாம். வரி இடைவெளியை 1.2 அல்லது 1.3 என்று வைத்தால் இந்த நெருக்கடி தீரும். எழுத்துகளுக்கு இடையிலான வெளியை மட்டும் தொடாமல் விடுங்கள். அதைக் கூட்டினால் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கத் தொடங்கும்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடும், அழுத்தத்துக்குச் சாய்வெழுத்தும் உண்டு. தமிழில் முதலாவது இல்லை. இரண்டாவது நமக்கு மரபும் இல்லை, கணினி செயற்கையாகச் சாய்க்கும் தமிழ் எழுத்து பார்க்கவும் நன்றாயில்லை. அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்து, நிறம், அளவு ஆகிய மூன்றே வழிகள். தடித்த எழுத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ண, ஞ, இ, ஜ போன்ற எழுத்துகளின் சுழிகள் மிகத் தடித்த எழுத்துருவில் அடைபட்டுக் கருந்திட்டாகிவிடும்; பின்வரிசையில் இருப்பவருக்கு ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும். மிக மெல்லிய எழுத்துருவிலோ எதிரான சிக்கல்: புள்ளி மறைந்து "கல்" என்பது "கல" ஆகிவிடும். நடுத்தரத் தடிமனே பாதுகாப்பானது.

எந்த எழுத்துரு என்றால், இன்று தேர்ந்தெடுக்கப் பஞ்சமில்லை. விண்டோஸில் லதாவும் நிர்மலாவும் உண்டு. ஆப்பிள் கணினிகளில் இணைமதி உண்டு. அதை வடிவமைத்த முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய மலேசியர் என்பது நம் ஊரார்க்குக் கூடுதல் மகிழ்ச்சி. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான் ஆகியவற்றைக் கூகுள் எழுத்துருத் தளத்தில் விலையின்றிப் பெறலாம். ஒரு படைப்புக்கு ஓர் எழுத்துரு, அதில் இரண்டு தடிமன் என்று கட்டுப்படுத்திக்கொள்வது நல்ல தொடக்கம். கல்யாணப் பத்திரிகைகளிலும் விளம்பரத் தட்டிகளிலும் காணும் அலங்கார எழுத்துருக்களை ஒரு சொல்லுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

மண்டபத்தின் கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகவோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவோ தெரிவது பழைய துன்பம். பொருளற்ற எழுத்துகள் என்றால், ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பகுதி எங்கோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். அதை மாற்றித்தான் ஆக வேண்டும். எழுத்துரு இல்லாமையால் கட்டங்கள் தோன்றினாலோ வடிவம் மாறினாலோ, விண்டோஸ் பவர்பாயின்ட்டின் சேமிப்பு அமைப்புகளில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் தெரிவைப் பயன்படுத்தலாம். அசைவூட்டம் இல்லாத படைப்பு எனில், பிடிஎஃப் வடிவில் ஒரு படியைக் கையில் வைத்திருப்பது இன்னும் உறுதியானது.

மலேசியாவில் மட்டும் எழும் ஒரு கேள்வியும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிக்குக் கல்வி இலாகா அதிகாரிகள் வருவார்கள். அவர்களுக்காக மலாயிலும் எழுத வேண்டும். ஆங்கிலமும் இருந்தால் நல்லது என்று யாராவது சொல்வார்கள். முடிவில் ஒரே செய்தி மும்மொழியிலும் ஒரே அளவில் நின்று திரையை மூடிவிடும். பேசும் மொழி எதுவோ அது பெரியதாக, தலைப்புக்கு மட்டும் மற்றொரு மொழி அதன் பாதி அளவில் மங்கிய நிறத்தில் என்று வைத்தால் இரு தரப்பினரும் பின்தொடர முடியும். விவரங்கள் முழுவதும் வேண்டுவோர்க்கு அச்சிட்ட தாள் தருவதே மரியாதை.

எழுத்தின் அளவைச் சோதிப்பது

16:9 விகிதத்தில் உள்ள வழக்கமான பவர்பாயின்ட் பக்கத்தின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 புள்ளி. முப்பது புள்ளி எழுத்துக்கு அதில் பதினெட்டில் ஒரு பங்கு உயரம் கிடைக்கிறது. திரையின் உயரம் 1.1 மீட்டர் என்றால் அது ஏறத்தாழ 6 செ.மீ.; எழுத்தின் உடல் அதிலும் பாதியளவே இருக்கும். இந்தக் கணக்கு கடினமாகத் தோன்றினால் எளிய சோதனை ஒன்று உண்டு. மண்டபத்தின் திரை 2 மீட்டர் அகலம், கடைசி வரிசை 12 மீட்டர் தொலைவு என்றால், அவர்கள் திரையகலத்தைப்போல் ஆறு மடங்கு தள்ளி அமர்ந்திருக்கிறார்கள். உங்கள் மடிக்கணினியின் திரை 30 செ.மீ. அகலம் எனில், அதிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து எதை வாசிக்க முடியவில்லையோ அதைக் கடைசி வரிசையும் வாசிக்க முடியாது.

வெளிச்சமும் நிறமும்

புரொஜெக்டரால் கருமையைப் பாய்ச்ச முடியாது. திரையில் கறுப்பாகத் தெரிவது, ஒளி விழாத இடம் மட்டுமே. சன்னல் திறந்த பள்ளி மண்டபத்திலோ பக்கச்சுவர் இல்லாத சமூக மண்டபத்திலோ பகல் வெளிச்சம் திரைமீது விழும்போது, அந்தக் கறுப்பு வெளிறிச் சாம்பலாகிவிடும்; அதன்மீது வைத்த நீல எழுத்தும் சிவப்பு எழுத்தும் காணாமற்போகும். விளக்கணைத்த விடுதி அரங்கில் அடர்ந்த பின்னணி எடுப்பாக இருக்கலாம். நம் பகல்நேரக் கூட்டங்களுக்கு வெண்மை அல்லது மிக வெளிறிய பின்னணியும் அடர்ந்த எழுத்துமே பொருந்தும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு வேண்டும் என்பதற்கு வலைத்தளங்களுக்கான உலகளாவிய அணுகல் வழிகாட்டி ஓர் எண் தருகிறது: சாதாரண எழுத்துக்கு ஒளிர்வு விகிதம் 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. இதை அளந்து காட்டும் இலவசக் கருவிகள் இணையத்தில் பல உள்ளன. அந்த எண்கள் கணினித் திரைக்காகச் சொல்லப்பட்டவை. வெளிச்சம் புகும் மண்டபத்துக்கு இன்னும் தாராளமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள்மேல் வெள்ளையும் வெளிர்பச்சைமேல் மஞ்சளும் நம் விழாக் காலத் தட்டிகளில் கொண்டாட்டமாக இருக்கலாம்; திரையில் அவை வாசிக்கக் கிடைக்கமாட்டா. நீலத்தின்மேல் சிவப்பு இன்னொரு வகைத் தொல்லை. இந்த இரு நிறங்களின் ஒளியையும் கண் ஒரே இடத்தில் குவிப்பதில்லை என்பதால் எழுத்தின் விளிம்பு அதிர்வதுபோல் தோன்றும்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், பெரும்பாலும் ஆண்கள், எந்த அவையிலும் இருக்கக்கூடும். வரவு பச்சை, செலவு சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாமல், பட்டையின் மேலேயே "வரவு", "செலவு" என்று எழுதிவிடுவது அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒருசேர உதவும். எத்தனை நிறம் என்று கேட்டால், எழுத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று. பாலங்களின் படவில்லையில் முதல் பாலத்தின் பட்டை சாம்பலாகவும் இரண்டாம் பாலத்தின் பட்டை அடர்நீலமாகவும் இருந்தால், சொல்லாமலே கண் இரண்டாவதற்குச் செல்லும்.

படங்கள்

நல்ல படம் ஒன்று திரை முழுவதையும் நிரப்பட்டும். மூலையில் தபால்தலை அளவில் நிற்கும் மூன்று படங்களைவிட அது வலிமையானது. முழுத்திரைப் படத்துக்கு 1,920 x 1,080 படப்புள்ளிகள் இருந்தால் பெரும்பாலான புரொஜெக்டர்களுக்குப் போதும். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்படும் படம் சுருக்கப்பட்டு வருவதால், நண்பரிடமிருந்து பெறும் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பெறுங்கள். படத்தைப் பெரிதாக்கும்போது மூலையைப் பிடித்து இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் பாலம் தட்டையாகும், விருந்தினர் பருமனாவார், அவர் முன்வரிசையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இணையத்தில் தேடிக் கிடைக்கும் படமெல்லாம் பொதுச்சொத்து ஆகாது. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் உரிம நிபந்தனை தெளிவாக எழுதப்பட்ட படங்கள் கிடைக்கும். எடுத்தவர் பெயரைக் கீழே சிறிய எழுத்தில் தர வேண்டும். இதைவிட நல்ல வழி, கைப்பேசியோடு பத்து மாவுங் கடலோரத்துக்கு ஒரு மாலை போய்வருவது. படத்தின்மேல் எழுத்து வைக்க வேண்டியிருந்தால் வானமோ கடலோ போன்ற அமைதியான பகுதியில் வையுங்கள். அப்படிப்பட்ட பகுதி இல்லையென்றால், எழுத்துக்குப் பின்னே அரைகுறையாக ஒளிபுகும் ஒரு கரும்பட்டையைப் போட்டுக்கொள்ளலாம்.

அசைவும் நேரமும்

அசைவூட்டத்துக்கு ஒரே நியாயமான பயன் உண்டு: செய்தியைப் பேச்சின் வேகத்துக்கு ஏற்பத் தவணை தவணையாகத் திறப்பது. முதலில் 8.4 பட்டை மட்டும் தோன்றட்டும், "இரண்டாம் பாலம் எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று மாணவர்களைக் கேட்டுவிட்டு, அவர்கள் ஊகம் சொன்ன பிறகு, 16.9 பட்டை இடமிருந்து வலமாக நீளட்டும். கேள்விக்கும் விடைக்கும் இடையில் கிடைக்கும் அந்தச் சிறு காத்திருப்பைத் தருவதால் இங்கே அசைவு தன் இடத்தைச் சம்பாதிக்கிறது. சுழன்று வரும் தலைப்பும், தத்தித் தத்தி விழும் எழுத்தும், பக்கம் புரளும் ஓசையும் எதையும் சம்பாதிப்பதில்லை.

திரையே வேண்டாத நேரங்களும் உண்டு. பவர்பாயின்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகையில் ஆங்கில "பி" விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும். மீண்டும் அழுத்தினால் விட்ட இடம் திரும்பும். 1985க்கு முன் பெருநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குக் காரோடு வர ஃபெர்ரிக்குக் காத்திருந்த நாள்களைப் பற்றி ஒரு தாத்தா எழுந்து பேசத் தொடங்கினால், அப்போது அழுத்த வேண்டிய விசை அதுதான்.